ஊக்கால் குத்திய ஜெட்டும் பொன்முடியின் பதினெட்டாவது வளைவும்

"குத்தாதே!"

போன சனிக்கிழமை காலையில் கராஜில் நான் போட்ட சத்தத்தில், பையன் கையில் இருந்த ஊக்கு தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. தோசைக் கரண்டியோடு ஓடி வந்த தங்கமணி, ஏதோ விரலைத்தான் வெட்டிக்கொண்டான் என்று நினைத்துப் பதறிவிட்டார். விரலுக்கு ஒன்றும் இல்லை. அவன் இன்னொரு கையில் இருந்தது ஒரு பித்தளைத் துண்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் நடுவில் ஒரு பொடித் துளை. அந்தத் துளையில்தான் ஊக்கை விடப் போனான்.

"இதுக்கா இந்தக் கத்து?" என்றார் தங்கமணி. கரண்டி இன்னும் உயரத்தில்தான் இருந்தது.

ஆமாம், இதுக்குத்தான். அந்தக் கத்தலுக்கு வயது இருபத்தேழு. கொசுவத்தி சுத்துவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஹூஸ்டனில் இருந்து வேலை மாற்றலாகி இங்கே டென்வர் வந்த ஒரு நண்பர், வீடு மாறும்போது தன் புல் வெட்டும் எந்திரத்தை அறுபது டாலருக்கு என் தலையில் கட்டினார். நல்ல எந்திரம். ஆனால் இங்கே வந்ததில் இருந்து கறுப்புப் புகை. சரி, பழசுதானே என்று ஓட்டினேன். போன குளிர்காலத்தில் டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டு மூடி வைத்துவிட்டேன் (இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்). இந்த வசந்தத்தில் கயிற்றை இழுத்தால் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றுவிடுகிறது. புல் முழங்கால் உயரம். குடியிருப்போர் சங்கத்தில் இருந்து மரியாதையாக ஒரு கடிதமும் வந்துவிட்டது.

சரி, கார்புரேட்டரைக் கழற்றுவோம் என்று பையனையும் உட்கார வைத்தேன். வயது பதிமூன்று. அவன் வாழ்க்கையில் பார்த்த எந்தக் காரிலும் இந்த சாமான் கிடையாது. "அப்பா, இது என்ன பண்ணும்?" என்று கேட்டான். மெக்கானிக்கல் படித்துவிட்டு சாப்ட்வேரில் ஆணி புடுங்குகிறவனிடம் இப்படி ஒரு கேள்வி வந்தால் சும்மா விடுவோமா?

நம்ம ஊரில் முன்பெல்லாம் மூட்டைப் பூச்சிக்கும் கொசுவுக்கும் ஃப்ளிட் பம்ப் அடிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? குழாயை உள்ளே தள்ளினால் டப்பாவில் இருக்கும் மருந்து மேலே ஏறிப் புகையாகச் சிதறும். கார்புரேட்டரும் அடிப்படையில் அவ்வளவுதான். காற்று போகிற குழாயின் நடுவே இடுப்பைப் பிடித்த மாதிரி ஒரு குறுகல். அதற்குப் பேர் வென்ச்சூரி. இத்தாலிக்காரர் வென்ச்சூரி இந்தக் குறுகலின் சங்கதியை 1797-ல் எழுதி வைத்தார். அதற்கும் முன்னால் 1738-லேயே பெர்னூலி, ஓட்டத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று சொல்லிவிட்டார். குறுகலில் காற்று வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும். கீழே ஒரு சின்னத் தொட்டியில் பெட்ரோல் நிற்கிறது. அதன் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் உட்கார்ந்திருக்கிறது. அந்த அழுத்தம் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளும். எல்லோரும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றுதான் தள்ளிவிடுகிறது. இளநீரை ஸ்ட்ராவில் குடிக்கும்போதும் இதே கதைதான்.

அந்தத் தொட்டிக்குள் ஒரு மிதவை உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுமே, அதே வேலை. மட்டம் ஏறினால் மிதவை ஏறி ஊசி வால்வை அடைக்கும், இறங்கினால் திறக்கும். இந்த மட்டம் சரியாக இல்லாவிட்டால் மற்ற எதைத் திருகினாலும் பிரயோஜனம் இல்லை.

கணக்கு என்னவென்றால், ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கடல் மட்டத்தில் கிட்டத்தட்ட 9000 லிட்டர் காற்று! முழு பலத்தோடு இழுக்க வேண்டுமானால் பெட்ரோல் கொஞ்சம் தாராளமாக, 13-க்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். பெட்ரோல் அதிகமானால் ரிச், குறைந்தால் லீன். டிகாக்‌ஷன் கூடினால் கசக்கும், பால் கூடினால் சப்பென்று இருக்கும் என்கிற மாதிரி.

இவ்வளவும் நான் பையனிடம் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஜெட்டைக் கழற்றி, அது அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, தையல் டப்பாவில் இருந்து ஊக்கையும் எடுத்துவிட்டான். என் ரத்தம் அப்படி. வேறு என்ன சொல்ல?

இப்போது கொசுவத்தி.

1998, ஆகஸ்ட். ஊர் நாகர்கோவில். அமெரிக்கா போக எனக்கு விசா வந்துவிட்டது. அது ஒய்2கே காலம், கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரிந்தவனுக்கெல்லாம் விமானம் காத்திருந்தது. கிளம்ப இன்னும் பத்தே நாள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். அவரிடம் ஒரு பழைய புல்லட் 350 இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டி. அதில் இருந்தது மிக்கார்ப் கார்புரேட்டர், ஜப்பான் மிக்குனியின் கூட்டோடு மறைமலைநகரில் யூகால் கம்பெனி தயாரித்தது. அப்பாவுக்கு எஞ்சினியரிங் தெரியாது. ஆனால் வண்டியின் சத்தத்தைக் கேட்டு யாப்பிலக்கணம் சொல்வார். "ஐடிலிங்கில தேமா தேமான்னு போகணும் மக்கா. இடையில ஒரு அசை விழுந்துதுன்னா, வண்டி தளை தட்டுதுன்னு அர்த்தம், கேட்டியா." வடசேரியில் எங்கள் மெக்கானிக் அண்ணன், "வாத்தியார் சொன்னா டியூனிங் மீட்டர் வேண்டாம்" என்பார்.

அந்த வாரம் அப்பா ஏதோ பயிற்சி முகாமுக்காக மூன்று நாள் வெளியூர் போயிருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டாறு வரை போனேன். சிக்னலில் நின்றால் அணைந்து போகிறது. பைலட் ஜெட்டில் தூசி என்று எனக்கே தெரிந்தது. மெக்கானிக் அண்ணனிடம் போயிருக்கலாம். போகவில்லை. தெர்மல் எஞ்சினியரிங் பேப்பரில் கார்புரேட்டர் படம் வரைந்து, பாகம் குறித்து, 82 மார்க் வாங்கியவன் நான். ஆனால் நிஜக் கார்புரேட்டரைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

திண்ணையில் பேப்பர் விரித்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். பைலட் ஜெட்டை வாயால் ஊதியதும் அடைப்பு போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கையில் இருந்த மெயின் ஜெட்டில் லேசாக ஒரு கறை தெரிந்தது. அம்மாவின் சேலையில் இருந்து ஒரு ஊக்கை வாங்கி அதில் விட்டுத் திருகினேன். டைட்டாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினேன். உள்ளே போய்விட்டது. பளபளவென்று பித்தளைத் துகள் விரலில் ஒட்டியது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

ஊக்கு எஃகு, ஜெட் பித்தளை. எது ஜெயிக்கும்?

ஜெட் என்பது ஒரு ஓட்டைதான். ஆனால் அந்த ஓட்டையின் அளவுதான் அந்தச் சாமானின் முழு மதிப்பும். அதன் தலையில் நம்பர் அடித்திருப்பார்கள். நம்பர் கூடினால் பெட்ரோல் கூடும். ஒரு மில்லிமீட்டர் துளையை 1.05 மில்லிமீட்டர் ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். அடித்த நம்பர் அப்படியே இருக்கும், ஜெட் மட்டும் வேறு ஜெட்.

எல்லாவற்றையும் மாட்டி ஒரு உதை. வண்டி தேமா தேமா என்று அழகாக நின்றது. எனக்கு ஒரே பெருமை. அப்பாவிடம் சொல்லவில்லை. கழற்றியது தெரிந்தால் திட்டு விழும், அதனால்.

இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். டிக்கெட்டை ரீகன்பர்ம் பண்ணத் திருவனந்தபுரம் போக வேண்டும் (அந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலை இருந்தது, பழைய ஆட்களுக்குத் தெரியும்). பஸ்ஸில் போகலாம் என்றேன். "வண்டியிலேயே போவோம். அப்படியே பொன்முடியும் பாத்துட்டு வருவோம்" என்றார். சின்ன வயதில் இருந்து பொன்முடி கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். நான் போன பிறகு எப்போது என்று அவருக்கும் தோன்றியிருக்கும்.

மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. டிக்கெட் வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டு, நெடுமங்காடு வழியாக விதுரா. சமவெளியில் வண்டி கச்சிதம். இதற்குக் காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரே வழியாக வருவதில்லை. ஆக்சிலேட்டரைத் திருகாமல் நிற்கும்போது பைலட் ஜெட் மட்டும் ஊட்டுகிறது. லேசாகத் திறந்தால் சிலைடின் அடியில் சரித்து வெட்டிய பகுதி கணக்கில் சேர்கிறது. கால்வாசியில் இருந்து முக்கால்வாசி வரை சிலைடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊசியின் ராஜ்ஜியம். ஊசி கீழே கூராக இருக்கும். மேலே ஏற ஏறத் துளையில் இடைவெளி கூடும், பெட்ரோல் கூடும். அதன் தலையில் நாலைந்து பள்ளம் இருக்கும், எந்தப் பள்ளத்தில் கிளிப்பை மாட்டுகிறோமோ அந்த அளவுக்கு ஊசி ஏறி அல்லது இறங்கி நிற்கும். முக்கால்வாசிக்கு மேல் முறுக்கினால்தான் மெயின் ஜெட் முழுசாக ஆட்சிக்கு வரும்.

சமவெளியில் இரண்டு பேர் நிதானமாகப் போக அரை ஆக்சிலேட்டர் போதும். அங்கே ஊசி பார்த்துக்கொள்ளும். நான் குத்திய மெயின் ஜெட் பாட்டுக்குச் சும்மா இருக்கும். ஏற்றம் வந்து, வண்டி மூச்சு வாங்கி, கையை முழுசாக முறுக்கும்போதுதான் தெரியும்.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம். அங்கே இருந்து உச்சி வரை இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. முதலில் காடு, அப்புறம் தேயிலை, அப்புறம் மஞ்சு. எட்டாவது வளைவில் சத்தம் லேசாகக் கனத்தது. பத்தில் அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். பதிமூன்றில், "மக்கா, தளை தட்டுது பாத்தியா?" என்றார். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. "மஞ்சுல நனைஞ்சிருக்கும்பா" என்றேன். பதினெட்டாவது வளைவில் வண்டி நாலு தடவை குமுறிவிட்டு நின்றே விட்டது.

அப்பா ப்ளக்கைக் கழற்றினார். கரி. அடுப்படியில் தொங்கும் ஒட்டடை மாதிரி வறண்ட கறுப்புக் கரி. நன்றாக எரியும் ப்ளக்கின் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் லீன், சூடு ஏறுகிறது என்று அர்த்தம். கறுத்திருந்தால் ரிச். அப்பா எப்போதும் ஒரு உப்பு ப்ளக்கு, அதாவது உப்புத்தாளில் தேய்த்துச் சுத்தம் செய்த பழைய ப்ளக், பையில் வைத்திருப்பார். அதை மாட்டினார். வண்டி உயிர் வந்து ஐம்பதடி ஏறியது, மறுபடி குமுறியது. கழற்றிப் பார்த்தால் அதிலும் கரி. சோக் நெம்பைத் தொட்டுப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தார், சுத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் கார்புரேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே இறங்கிய ஒரு ஜீப்காரர் வண்டியை நிறுத்தி "எந்து பற்றி சாரே?" என்று கேட்டார். "ஒன்னும் இல்ல, தண்ணுப்பு" என்று அப்பா சமாளித்தார்.

உச்சிக்கு இன்னும் நாலே வளைவு. மணி ஐந்து. மஞ்சு இறங்கி எதிரில் இருக்கும் ஆள் தெரியவில்லை.

"இறங்கிடுவோம்" என்றார்.

இறங்கும்போது வண்டி சொன்னபடி கேட்டது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கிறது, மெயின் ஜெட்டுக்கு வேலை இல்லை, உயரமும் குறைகிறது. வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த வாரம் அதே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டேன்.

அந்த உயரம் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொன்முடி சுமார் 1100 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. காற்று 10 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 10 சதவீதம் குறைய வேண்டும் அல்லவா? கார்புரேட்டருக்கு அவ்வளவு விவரம் போதாது. ஜெட் வழியாக வரும் பெட்ரோல், அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் காற்று 10 சதவீதம் குறையும்போது பெட்ரோல் 5 சதவீதம்தான் குறைகிறது. மிச்சம் 5 சதவீதம் ரிச். நல்ல வண்டி என்றால் இதைத் தாங்கிக்கொண்டு ஏறிவிடும். என் ஊக்கு ஏற்கனவே 10 சதவீதம் கூட்டி வைத்திருந்தது. 13-க்கு ஒன்று இருக்க வேண்டியது பதினொன்றரைக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. பழைய வண்டி, இரண்டு ஆள், செங்குத்து ஏற்றம். வேறு என்ன செய்யும்?

இதே கணக்குத்தான் ஹூஸ்டன் எந்திரத்துக்கும். ஹூஸ்டன் கடல் மட்டம். டென்வர் 1609 மீட்டர், ஒரு மைல். இங்கே காற்று சுமார் 15 சதவீதம் குறைவு, கலவை 8 சதவீதம் ரிச். கறுப்புப் புகைக்குக் காரணம் வயதல்ல, ஊர் மாற்றல். சில சின்ன எஞ்சின் கையேடுகளில் பார்த்தால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பலம் சுமார் 3.5 சதவீதம் குறையும், உயரமான ஊரில் சின்ன நம்பர் ஜெட் போடுங்கள் என்று எழுதியிருக்கும். ஊர் மாறி வந்த நமக்கும் இப்படி ஒரு கையேடு கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "தாத்தாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

சொல்லவில்லை. முதலில் வெட்கம். எஞ்சினியர் மகன் ஊக்கால் ஜெட்டைக் கெடுத்தான் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் தூரம். காலிங் கார்டில் நிமிஷக் கணக்குப் பார்த்துப் பேசிய காலத்தில், சாப்பிட்டியா, குளிரா, பணம் வந்துதா என்பதற்கே நேரம் போதாது. அதில் ஜெட்டைப் பற்றி யார் பேசுவது? அப்புறம் பழகிவிட்டது. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் பத்மநாபபுரம் போனோம், திற்பரப்பு போனோம். பொன்முடி என்று யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாவும்தான். கடைசியாக நானும் அவரும் தனியாகப் போன பயணம் அது. என் ஒரு திருகலால் நாலு வளைவு பாக்கியோடு நின்று போனது.

பையன் யோசித்துவிட்டு, "அப்ப இப்ப சொல்லு" என்றான். அவர்களுக்கு எல்லாமே சுலபம்.

காலை ஒன்பது, ஊரில் ராத்திரி எட்டரை. வாட்ஸப்பில் கூப்பிட்டேன். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. காதில் மெஷின். முதலில் எந்திரத்தைக் காட்டினேன். நாங்கள் ஜெட்டைக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊற வைத்து, நைலான் தூண்டில் நரம்பை விட்டு எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டியிருந்தோம். பையன் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"போனைக் கிட்ட கொண்டு போ மக்கா" என்றார் அப்பா. பேரன் கொண்டு போனான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அடைப்பு போயாச்சு. ஆனா இன்னும் கனமாத்தான் ஓடுது. ஒரு நம்பர் சின்ன ஜெட் போடணும்."

பதினாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், காது மெஷின் வழியாக!

எந்திரத்தை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "அப்பா, பொன்முடி போனப்ப வண்டி நின்னுதே... அது மஞ்சு இல்ல. நான்தான் மெயின் ஜெட்டை ஊக்கால குத்திட்டேன்."

"தெரியும்லா."

"எப்ப?"

"ரெண்டாவது ப்ளக்கும் கறுத்தப்பவே ஜெட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. மறுநாள் வடசேரியில கழத்திப் பாத்தோம். உள்ள கீறல். உங்க அம்மைகிட்ட கேட்டேன், ஊக்கு வாங்கினான்னு சொன்னா."

"ஏம்பா கேக்கல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். "ஒரு வாரத்துல பிளேன் ஏறப் போற பையன்கிட்ட ஒரு ஜெட்டுக்குப் போய் கணக்கு கேக்கதா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீயும் சொல்லல. செரி, மறந்திருப்பான்னு விட்டுட்டேன்."

எனக்குப் பேச வரவில்லை. இருபத்தேழு வருஷமாக நான் மறைத்துக்கொண்டிருந்தேன், அவர் காத்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்து அவரே பேச்சை மாற்றினார். "ஆனா புது ஜெட்டு வாங்கின காசு நீதான் தரணும். வட்டியோட." பின்னால் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் அரை மணி நேரம் வண்டிப் பேச்சு. அந்த புல்லட்டை இப்போது தம்பி மகன் ஓட்டுகிறான். இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் கிடைக்கிறது, வண்டி காலையில் கிளம்பச் சண்டித்தனம் பண்ணுகிறது என்றார். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறது, அதனால் ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். இ20 என்றால் பதிமூன்றரை கிலோ. பழைய ஜெட் பழைய அளவிலேயே ஊட்டுவதால் கலவை சுமார் 8 சதவீதம் லீன். "அப்ப பொன்முடி உச்சிக்குப் போனா செரியாயிரும்னு சொல்லு" என்றார் அப்பா. பாதி உண்மை. மலை 5 சதவீதம் திருப்பிக் கொடுக்கும்!

புது வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது இந்தியாவில் இரு சக்கர வாகனங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை இன்னொன்று மோப்பம் பிடிக்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பொன்முடியோ கடற்கரையோ, அதற்கு ஒன்றுதான். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் சத்தத்தில் தளை தட்டாது.

சாயங்காலம் பையன் எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒரு செய்தி சொன்னான். 1888-ல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமில் இருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டர் போனாராம். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டதாம். தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தித்தான் அடைப்பை எடுத்தாராம். ஏற்றத்தில் பையன்கள் தள்ளினார்களாம். "அவங்க ஊசி விட்டாங்களே, அது மட்டும் ஓகேவா?" என்று மடக்கினான்.

"அது குழாய்டா, இது ஜெட்" என்றேன். சரியான பதில்தானே?

சின்ன நம்பர் ஜெட் ஆர்டர் போட்டாயிற்று, வியாழக்கிழமை வருகிறது. அடுத்த ஜூலையில் ஊருக்கு டிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புல்லட்டில் நானும் பையனும், பின்னால் தம்பியின் காரில் அப்பாவும் அம்மாவும். பாக்கி நாலு வளைவு இருக்கிறது. பதினெட்டில் வண்டியை நிறுத்தி, அப்பா ஒரு தடவை கேட்டுச் சொன்ன பிறகு மேலே போவதாகத் திட்டம்.

பி.கு. 1: ஜெட் அடைத்தால் கிளீனரில் ஊற வையுங்கள், காற்றடியுங்கள், நைலான் நரம்பு விடுங்கள். ஊக்கு, குண்டூசி, கம்பி எதுவும் வேண்டாம்.

பி.கு. 2: ஐடிலிங் செட் பண்ண, முதலில் வண்டியை ஐந்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக மூடி, அங்கே இருந்து ஒன்றரைச் சுற்றுத் திறங்கள். பிறகு முன்னும் பின்னும் கால் கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் எங்கே அதிக வேகத்தில் சீராகச் சுற்றுகிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். மிக்கார்ப் மாதிரி ஏர் ஸ்க்ரூ உள்ளதில் மூடினால் ரிச், திறந்தால் லீன். எஞ்சின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் கார்புரேட்டர்களில் இது தலைகீழ்.

பி.கு. 3: அப்பாவிடம் சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால், இந்தச் சனிக்கிழமையே போன் போடுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லுங்கள்.